விழுந்தவர் காலை விட்டுவிடும் அங்கவடி

குதிரையிலிருந்து விழுவதைக் காட்டிலும், விழுந்த பிறகு கால் மட்டும் குதிரையோடு நின்றுவிடுவதுதான் சவாரியில் பெரிய ஆபத்து. வெறுமனே விழுந்தவர் பெரும்பாலும் மண்ணில் உருண்டு எழுந்து, தூசியைத் தட்டிக்கொள்வார். பாதம் அங்கவடிக்குள் மாட்டிக்கொண்டவருக்கோ தலை தரையிலும் கால் குதிரையின் விலாவிலுமாகிவிடும். பக்கத்தில் ஏதோ கனமாகத் தொங்கி இழுபடுவதை உணரும் குதிரை மிரண்டு இன்னும் வேகமெடுக்கும். அதன் பின்னங்கால்கள் அவர் தலைக்கு அருகிலேயே வந்து விழும். 400, 500 கிலோ எடையுள்ள விலங்கு அது; முழுப் பாய்ச்சலில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும். குனிந்து பாதத்தை எடுத்துவிட யாருக்கும் நேரம் இராது. அந்த நொடியில் ஏதாவது ஒன்று தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். பாதம் அங்கவடியிலிருந்து கழலலாம். அல்லது அங்கவடியே தன் தோல்வாரோடு சேணத்திலிருந்து கழலலாம். பாதுகாப்பு அங்கவடி, பாதுகாப்புச் சேணம் என்று கடையில் விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன.

உறுப்புகளின் பெயர்களை முதலில் அறிந்துகொண்டால் மற்றவை எளிது. பாதம் வைக்கும் உலோக வளையம் அங்கவடி. சவாரிப் பள்ளிகளில் அதை ஸ்டிரப் என்பார்கள். வடநாட்டுக் குதிரைப்படைப் பேச்சில் ரகாப். பாதம் அமரும் அடித்தட்டு மிதிதட்டு. அதிலிருந்து இருபுறமும் எழுந்து மேலே சேர்பவை அங்கவடியின் கைகள். அதைத் தாங்குவது தோல்வார். சேணத்தின் உள்ளே இருக்கும் மரத்தாலோ இரும்பாலோ நெகிழியாலோ ஆன எலும்புக்கூடு, சேணச் சட்டம். அந்தச் சட்டத்தில் இருபுறமும் அறைந்திருக்கும் சிறு இரும்புத் தண்டில்தான் தோல்வார் தொங்குகிறது. அதற்கு ஸ்டிரப் பார் என்று பெயர். சேணத்தை வாங்குபவர் தோலின் நிறத்தையும் தையலையும் தடவிப் பார்ப்பார். தோல்மடிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் இந்த விரல்நீளத் தண்டைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. உயிர் தொங்குவது அதில்தான்.

திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதியில் வாழ்பவர்களுக்குக் குதிரை அவ்வளவு அந்நியமான உருவம் அல்ல. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் தலைநகருக்கு எழுந்தருளும்போது, குமாரசாமி தங்குவது வலியசாலையை ஒட்டிய ஆரியசாலைக் கோயிலில். விஜயதசமியன்று அவர் பூஜப்புரைக்குப் புறப்படுவது வெள்ளிக் குதிரைமேல். இந்தப் பக்கம் கோட்டைக்குள் போனால் சுவாதித் திருநாள் கட்டுவித்த குதிரை மாளிகை. அதன் கூரையைத் தாங்குவது போல 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. உயிருள்ள குதிரைகளைப் பார்க்கத் தைக்காட்டுப் பக்கம் போனால் போதும். கண்ணேற்றுமுக்கில் கேரளக் காவல்துறையின் குதிரைப் பிரிவு இருக்கிறது. மலையாளத்தில் அதற்கு அசுவாரூட சேனை என்று கம்பீரமான பெயர். தார்ச்சாலையிலும் திருவிழாக் கூட்டத்திலும் பேருந்து ஒலிப்பான்களுக்கு நடுவிலும் நடக்கும் இந்தக் குதிரைகளின் வேலை, மைதானத்தில் வட்டமடிக்கும் குதிரையின் வேலையைவிடக் கடினமானது. விழுந்தால் புல்தரை கிடையாது.

குதிரை விளையாத நிலம் இது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் என்று ஒரு வணிகர் கூட்டத்தின் பெயர் வருகிறது. கடல்கடந்து மேற்குக் கரையில் இறங்கிய குதிரைகளைச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் அவர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழி வந்து இறங்குவதையும், சரியாகப் பேணத் தெரியாமல் அவை மடிவதையும் எழுதி வைத்தார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைமேல் ஏறியவர்களின் பாதம் எதில் நின்றது என்பதும் சுவையான கதைதான். கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சாஞ்சிச் சிற்பங்களில் சில குதிரைவீரர்களின் பாதம் ஒரு கயிற்றுச் சுருக்கில் மாட்டியிருக்கிறது. வெறுங்காலோடு சவாரி செய்யும் வெப்ப நாட்டில், பெருவிரலை மட்டும் நுழைக்கும் சுருக்கே போதுமானதாக இருந்தது. குளிர்நாட்டில் காலணியோடு ஏறுபவருக்கு அது உதவாது. சீனாவில் சாங்ஷா அருகே 302ஆம் ஆண்டுக் கல்லறையில் கிடைத்த பொம்மைகளில் ஒரு பக்கம் மட்டும் சிறிய அங்கவடி தொங்குகிறது. ஏறுவதற்கு மட்டும் பயன்பட்டிருக்கும். நான்ஜிங்கில் 322ஆம் ஆண்டுக் கல்லறைப் பொம்மையில் இருபுறமும் இருக்கின்றன. பாதம் முழுவதும் நுழையும் உலோக வளையம் பிறந்த நாளிலிருந்தே பாதம் அதில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உடன்பிறந்துவிட்டது.

அந்த ஆபத்துக்கு மிக அழகான விடை கண்டவர்கள் ஜப்பானியச் சாமுராய்கள். அவர்களுடைய அபுமி வளையமே அல்ல. முன்புறம் மேல்நோக்கி வளைந்து, பாதம் முழுவதையும் தாங்கும் நீண்ட தட்டு; பக்கங்கள் திறந்தே இருக்கும். பாதத்தைச் சுற்றி எதுவும் இல்லாததால் மாட்டிக்கொள்ளவும் எதுவும் இல்லை. விசையும் காந்தமும் இல்லாமல் வடிவத்தாலேயே கிடைத்த பாதுகாப்பு அது. ஐரோப்பா வளையத்தைக் கைவிடவில்லை. அதனால் அதைத் திறக்கவும் உடைக்கவும் வழி தேடியது. 1830களில் பெண்கள் ஒருபக்கமாக அமரும் சேணத்தில் இரண்டாவது கொம்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அமர்வு உறுதியானது; பெண்கள் வேலி தாண்டத் தொடங்கினார்கள்; விழுந்தபோது நீண்ட பாவாடை அந்தக் கொம்பில் மாட்டி இழுபட்டார்கள். 1870களிலிருந்து பொத்தானும் தையலும் விட்டுப்போகும் பாதுகாப்புப் பாவாடைகள் வந்தன. பிறகு அதுவும் வேண்டாமென்று, கால்சட்டைக்கு மேல் முன்புறம் மட்டும் மறைக்கும் துணியாக அது சுருங்கியது. இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு புதுமைக்கும் பின்னால், விட்டுவிடும் இன்னொரு புதுமை தேவைப்பட்டிருக்கிறது.

இன்று கடைக்குப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது பாதுகாப்பு அங்கவடி அல்ல, காலணி. பாதம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு விதத்தில் நடக்கிறது. ஒன்று, பாதம் முன்னோக்கி வழுக்கி, வளையத்தைத் தாண்டிக் கணுக்கால்வரை போய்விடுவது. இதைத் தடுப்பது குதிகால் கட்டை. சவாரிக் காலணியின் குதிகால் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்து நிற்பது அழகுக்காக அல்ல. மிதிதட்டில் முட்டி நிற்பதற்காக. விளையாட்டுக் காலணியில் அந்தக் கட்டை கிடையாது. அதன் அடிப்பாகத்தில் இருக்கும் ஆழமான வரிகள் மிதிதட்டைக் கவ்விக்கொள்ளும் வேறு. சவாரிக் காலணியின் அடி கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்க வேண்டும். பயிற்சியாளர்கள் ஓயாமல் 'குதிகாலைக் கீழே அழுத்து' என்று கத்துவதற்குச் சமநிலை ஒரு காரணம்; பாதம் உள்ளே வழுக்காது என்பது இன்னொரு காரணம்.

மாட்டிக்கொள்ளும் இரண்டாவது விதம், அங்கவடி சிறுத்துப் போய்ப் பாதத்தை இறுக்கிப் பிடிப்பது. அளவு பார்க்கும் முறை எளிது. காலணியின் அகலமான இடத்தை அளந்து, அதோடு இரண்டரை சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டால் அதுவே மிதிதட்டின் அகலம். பாதத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் இருபுறமும் ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரியும். அதைவிடக் குறைந்தால் பாதம் சிக்கும். மிகவும் கூடினாலும் ஆபத்துதான்; பாதம் முழுதாக உள்ளே போய்விடும். அப்பாவின் சேணத்தில் பிள்ளையை ஏற்றும்போது தோல்வாரைச் சுருக்கிக் கட்டுவார்கள், அங்கவடியை மாற்ற மாட்டார்கள். சிறுவனின் பாதம் பெரிய வளையத்துக்குள் கணுக்கால்வரை நுழைவது அங்கேதான். பள்ளிச் சேணங்களுக்கு மூன்று நான்கு அளவு அங்கவடிகளைத் தனித்தனியே வாங்கி வைப்பது, ஒரே ஒரு விலையுயர்ந்த ஜோடி வாங்குவதைவிட அறிவுள்ள செலவு.

உதகையிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சென்னை மெரினாவிலும் சுற்றுலாக் குதிரையில் ஏறுபவர்களின் கால்களைப் பார்த்தால் நிலைமை புரியும். ரப்பர்ச் செருப்பு, பட்டைச் செருப்பு, வெறுங்கால். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. கயிறு கைநழுவும் அந்த ஒருநாளுக்குத்தான் அங்கவடியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. வந்து போகிற சுற்றுலாப் பயணி சவாரிக் காலணி வாங்கப் போவதில்லை. அங்கே பொருத்தமானது மூடிய அங்கவடி. வளையத்தின் முன்புறம் தோலாலோ நெகிழியாலோ ஒரு கூண்டு இருந்தால், என்ன செருப்பு அணிந்திருந்தாலும் பாதம் பாதிக்குமேல் போகாது. மெக்சிகோ மாட்டிடையர்கள் முட்புதரிலிருந்து பாதத்தைக் காக்க இப்படி ஒரு தோல்மூடியைப் பயன்படுத்தினார்கள். நூறு கிலோமீட்டர் தொலைவோட்டக்காரர்கள் விளையாட்டுக் காலணியில் ஏறுவதால் கூண்டு அங்கவடியை விரும்புகிறார்கள். உடல் ஊனமுற்றவர்களுக்கான சவாரிச் சிகிச்சையில் டெவன்ஷயர் பூட் என்ற தோல்மூடி நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. இதில் விசை ஏதும் இல்லை என்பதே இதன் பலம். உள்ளூர்த் தோல் தைப்பவர் ஒருவர் மாதிரியைப் பார்த்துச் செய்துகொடுத்துவிடலாம்.

அடுத்தது சேணத்தில் இருக்கும் தண்டு. ஆங்கிலப் பாணிச் சேணத்தில் இந்தத் தண்டின் பின்முனை திறந்திருக்கும். சவாரி செய்பவர் விழுந்து பின்னோக்கி இழுபடும்போது தோல்வார் பின்னால் நகர்ந்து, அந்தத் திறந்த முனை வழியாக வழுக்கி வெளியே வந்துவிடும். அங்கவடி பாதத்திலேயே மாட்டியிருந்தாலும் பரவாயில்லை. மனிதரும் அங்கவடியும் வாரும் ஒன்றாகத் தரையில் கிடப்பார்கள், குதிரை தனியே ஓடும். பழைய சேணங்களில் அந்த முனையில் மேலே மடிக்கக்கூடிய ஒரு சிறு நாக்கு இருக்கும். அதை மேலே தூக்கிவிட்டால் வார் கழலாது. கீழே விட்டால் கழலும். இந்த நாக்கை எப்போதும் கீழேயே விட்டு வைக்க வேண்டும் என்பதே சவாரிப் பள்ளிகளின் விதி. சவாரிக்கு நடுவே வார் நழுவிவிடுமோ என்று பயந்து அதை மேலே தூக்கிவைப்பவர்கள் உண்டு. அங்கவடி தொலைந்தால் சற்றுத் தடுமாறுவார்கள், அவ்வளவுதான். நாக்கு மேலே இருந்தால் என்ன தொலையும் என்பதை நினைத்தால் இரண்டில் எது அஞ்சத்தக்கது என்பது விளங்கும். புதிய சேணங்கள் பலவற்றில் நாக்கே இல்லாமல், நுனி சற்று மேலே வளைந்த தண்டு மட்டும் வருகிறது. குறைந்த உறுப்பு, குறைந்த தவறு.

தண்டு திறந்திருப்பதாலேயே வார் கழன்றுவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. தடித்த புதுத் தோல்வார் குறுகலான தண்டில் இறுகி நிற்கும். கொக்கி தண்டுக்கு நேர்மேலே வந்து தங்கினால் அதுவே ஆப்பாகிவிடும். மேலே மூடும் தோல்மடிப்பு புதிதாக விறைத்திருந்தாலும் வார் அசையாது. சேணத்துணியின் வளையத்துக்குள் வாரைக் கோத்துவிடும் பழக்கமும் கெடுதலே. சோதனை மிக எளிது. சேணத்தைத் தாங்கியில் வைத்து, வாரைப் பிடித்துக் குதிரையின் வாலை நோக்கிச் சற்றுக் கீழ்ச்சரிவாக இழுக்க வேண்டும். ஒரு கையின் பலத்தில் வெளியே வராத வார், தரையில் இழுபடும்போதும் வரும் என்று நம்ப இடமில்லை. இன்னொரு வரம்பும் இருக்கிறது. இடதுகால் மாட்டியபடி வலப்பக்கமாக விழுபவரின் வார் சேணத்துக்கு மேலாக, குறுக்கே இழுபடும், பின்னோக்கி அல்ல. அந்தத் திசையில் தண்டு அதை விடாது. இந்த ஒரு குறைதான் அங்கவடியிலேயே ஒரு கழற்சி வேண்டும் என்பதற்கு முதன்மையான காரணம்.

அப்படிப்பட்ட அங்கவடிகளில் ஒன்று பீகாக். வெளிப்பக்கக் கைக்குப் பதிலாக, மேலே ஒரு கொக்கியும் கீழே ஒரு கொக்கியும், நடுவில் ஒரு தடித்த ரப்பர் வளையமும். பாதம் பக்கவாட்டில் தள்ளினால் வளையம் தெறித்துவிடும், அங்கவடியின் ஒருபக்கம் திறந்துவிடும். தெறித்த வளையம் தொலையாமலிருக்க ஒரு சிறு தோல்துண்டு அதைப் பிடித்திருக்கும். குழந்தைகளுக்கு இதைவிடப் புரிகிற, மலிவான சாதனம் இல்லை. ஒற்றைக் கையில் முழு எடையும் நிற்பதால், கனத்த பெரியவர் ஏறி இறங்க இறங்க மிதிதட்டு சாய்ந்துவிடும். ஆகவே பெரியவர்களுக்குப் பொருந்தாது. ரப்பர் எப்போதும் வெளிப்பக்கம், அதாவது குதிரைக்கு எதிர்ப்பக்கம், இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிய ஜோடிகள் எல்லாச் சவாரிப் பள்ளிகளிலும் என்றாவது ஒருநாள் தென்படும். உட்பக்கம் திரும்பிய ரப்பர் சேணத்தின் மடிப்பில் உரசிக் கிடக்குமே தவிர, பாதத்துக்கு வழிவிடாது.

வளைந்த கை அங்கவடி இன்னொரு வகை. வெளிக்கை நேராக எழாமல் முன்னோக்கிப் புடைத்து வளைந்திருக்கும். அந்தப் புடைப்பு பாதம் திரும்பி வெளியேற இடம் தருகிறது. அசையும் உறுப்பு ஒன்றும் இல்லாததால் பழுதாக எதுவும் இல்லை, பெரியவர் எடையையும் தாங்கும். ஆனால் இது கழன்றுகொள்வதில்லை. கழல வசதி செய்து தருகிறது, அவ்வளவே. பிரெஞ்சு நிறுவனமான ஃப்ரீஜம்ப்பின் சாஃப்ட்அப் வேறொரு வழியைக் காட்டியது. வெளிக்கை வளையும் பொருளால் ஆனது. பாதம் தள்ளினால் வளைந்து விலகும். அதன் பிறகு கீல், வில், காந்தம் என்று பல வகைகள் வந்தன. ஃப்ளெக்ஸ்-ஆன் போன்ற நிறுவனங்களின் காந்த அங்கவடியில் வெளிக்கையைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். பாதம் சிக்கி அழுத்தம் வந்தால் காந்தம் விட்டுவிடும்; பிறகு கையால் மூடிவிடலாம்.

இவற்றில் எது நல்லது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. ஒவ்வொன்றும் எத்தனை அழுத்தத்தில் திறக்கும் என்பதே கேள்வி. எளிதில் திறப்பது சவாரிக்கு நடுவில், பக்கத்துக் குதிரைமீது உரசினாலே திறந்துகொண்டு, தானே ஒரு விழுதலுக்குக் காரணமாகும். கூட்டத்தை விலக்கப் பக்கவாட்டில் நகரும் காவல் குதிரைக்கு இது சிறு விஷயம் அல்ல. வெளிக்கையில் மனித உடல்களும் தடுப்புக் கம்பிகளும் ஓயாமல் இடிக்கும். இறுக்கமாகத் திறப்பதோ 25 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் திறக்கவே திறக்காது. பெரியவருக்காகச் செய்த காந்த அங்கவடியைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர், சாதாரண அங்கவடியை மாட்டியவரைவிட மோசமான நிலையில் இருக்கிறார்கள். ஏனெனில் அவர்கள் கவலைப்படுவதை நிறுத்திவிட்டார்கள். யார் ஏறப்போகிறாரோ அவருடைய காலணியை அங்கவடிக்குள் வைத்து, அவர் பலத்துக்கு ஏற்ற அளவில் பின்னோக்கித் திருகிப் பார்ப்பதே கடையில் செய்ய வேண்டிய சோதனை. கடைக்காரர் தன் முழுப் பலத்தோடு திறந்து காட்டுவது சோதனை ஆகாது.

ஐரோப்பிய நூல்களும் விளம்பரங்களும் சொல்லாத ஒன்று திருவனந்தபுரத்தில் தெரியவரும். ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று, நடுவில் கடல்காற்று. இந்தக் காற்று குறிவைத்துத் தாக்குவது எந்தெந்த உறுப்பு அசைய வேண்டுமோ அவற்றைத்தான். சேணத்தின் அகன்ற தோல் பூஞ்சை பூத்தாலும் துடைத்துவிட்டு ஏறலாம். தோல்மடிப்புக்கு அடியில் ஈரம் தங்கும் இடத்திலோ தண்டின் நாக்கு துருவேறி, மேலே தூக்கிய நிலையிலேயே உறைந்துபோகும். உப்புக் காற்றில் வில்லும் கீலும் துருவேறி இறுகும். ரப்பர் வெயிலிலும் வியர்வையிலும் வெடித்து, ஒன்று பாதி வழியில் அறுந்துவிடும், அல்லது விறைத்துப்போய்த் தெறிக்க மறுக்கும். நாட்டிலேயே அதிகமாக ரப்பர் விளையும் மாநிலத்தில் ஒரு ரப்பர் வளையம் ஓராண்டுகூடத் தாங்காமல் போவது வேடிக்கைதான். அது விலை மலிவான பொருள் என்பதால் விரிசல் தெரியும் வரை காத்திராமல், இரண்டு மழைக்காலத்துக்கும் முன்பாக ஒருமுறை புதிதாக மாற்றிவிடலாம்.

காந்த அங்கவடிக்கு இந்தக் கரையில் தனி எதிரி ஒன்று இருக்கிறது. கோவளத்திலும் வடக்கே சவறாவிலும் தெற்கே மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் இல்மனைட் கலந்த கருமணல் உண்டு. வலுவான காந்தத்தை அந்த மணலில் வைத்து எடுத்தால் கரிய மீசை முளைத்து வரும். கடற்கரைச் சவாரிக்குப் பின் அங்கவடியின் காந்த முகத்தில் இந்த மணல் படிந்தால் கை முழுதாக மூடாது. மூடாத காந்தத்தின் பிடி வெகுவாகக் குறைந்துவிடும், நினைக்காத நேரத்தில் திறக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்திய பிறகே கொட்டிலுக்குள் வைக்க வேண்டும். மணலிலும் உப்பிலும் புழங்குபவருக்கு அசையும் உறுப்பில்லாத வளைந்த கை அங்கவடியும் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தைவிடப் பொருத்தம்.

எல்லாச் சேணத்திலும் அந்தத் திறந்த தண்டு கிடையாது. அமெரிக்க மேற்குப் பாணிச் சேணத்தில் அங்கவடி தொங்கும் அகன்ற தோல்பட்டை சேணச் சட்டத்தோடு சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் கழலாது. அதனால் அந்தச் சேணத்துக்குக் கீல் வைத்துத் திறக்கும் அங்கவடியோ கூண்டோ தவிர வேறு வழியில்லை. பந்தயச் சேணங்கள் பலவற்றில் எடை குறைக்கத் தண்டே வைப்பதில்லை. ஜாக்கிகள் பாதத்தின் நுனியை மட்டும் வைத்து, முழங்கால் மடங்க உயரத்தில் குந்தியிருப்பதால் அவர்களுடைய கணக்கே வேறு. இந்தியப் படைப்பிரிவுகளும் காவல்துறைகளும் வழிவழியாகப் பயன்படுத்திவரும் பெரிய ராணுவச் சேணங்களை வாங்குபவர், வார் எதில் தொங்குகிறது என்பதைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. மூடிய இரும்பு வளையத்தில் தொங்கினால் அது கழலாத சேணம். ஈட்டியால் தரையில் நட்ட முளையைக் குத்தித் தூக்கும் முளைப் போட்டியில் வீரர்கள் பாதத்தை முழுதாக உள்ளே செலுத்திக்கொண்டு, பாய்ச்சலில் பக்கவாட்டில் தொங்கியபடி குனிவார்கள். அந்த விளையாட்டுக்குக் கழலாத சேணம் கூடவே கூடாது.

சேணத்தை எங்கே வாங்குவது என்பதில் இந்தியருக்குக் கவலை குறைவு. கான்பூர் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படைக்குச் சேணம் தைக்கத் தொடங்கியது. இன்று உலகெங்கும் சேணம் அனுப்புகிறது, கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் ஒரே ஊரிலிருந்து உயர்ந்த சேணமும் வருகிறது, மலிந்ததும் வருகிறது. தோலைவிட உள்ளே இருக்கும் தண்டுதான் வேறுபாட்டைக் காட்டும். வார்ப்பிரும்புத் தண்டு முறியக்கூடும். அடித்துச் செய்த எஃகுத் தண்டு நிற்கும். பெரும்பாலும் அதன்மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இரண்டு தண்டுகளும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் அறையப்பட்டிருக்கின்றனவா என்று பின்னால் நின்று பார்க்கத் தனிப்பயிற்சி ஏதும் வேண்டாம். பழைய சேணமானால் நாக்கை விரலால் பத்துமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு இளக்கலாம். இளகாத நாக்கு கீழே இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், மேலே இருந்தால் அறுத்தெடுக்கச் செய்வது உத்தமம். அங்கவடியில் பெரும்பாலானவை இடம், வலம் என்று தனித்தனியானவை. மாற்றி மாட்டாமலிருக்க ஒன்றில் சிவப்பு நூல் கட்டிவைத்தால் கொட்டில் பையனும் தவறமாட்டான்.

போட்டியில் ஏறுபவருக்கு விதிகளும் உண்டு. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் தாண்டல் போட்டி விதிப்படி, அங்கவடியும் தோல்வாரும் சேணத்தின் தண்டிலிருந்து தடையின்றித் தொங்க வேண்டும். வேறெதனோடும் இணைக்கக் கூடாது. சவாரி செய்பவர் தன் உடலின் எந்தப் பகுதியையும் சேணத்தோடு கட்டிக்கொள்ளக் கூடாது. பாதம் நழுவாமலிருக்க ரப்பர் பட்டையால் காலணியை அங்கவடியோடு சுற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் இளைஞர்களிடையே அவ்வப்போது தலைகாட்டும். விதி இல்லாத கொட்டிலிலும் அதை அனுமதிக்கக் கூடாது. காற்றுச் சட்டை என்ற புதிய கவசம் மட்டும் ஒரு கயிற்றால் சேணத்தோடு இணைந்திருக்கும். விழும்போது அந்தக் கயிறு ஒரு வாயுக் குப்பியின் சாவியை இழுத்துவிட, சட்டை நொடியில் உப்பும். சாவி கழன்றதும் கயிறும் மனிதரும் பிரிந்துவிடுவதால் அது கட்டு ஆகாது. இறங்குவதற்கு முன் அதைக் கழற்ற மறப்பவர், அமைதியாக நிற்கும் குதிரையின் பக்கத்தில் பலூனாக உப்பி நிற்பார். புதுக் குப்பிக்குச் செலவும் ஆகும். இவற்றோடு தலைக்கவசம். ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 போன்ற சவாரித் தரக்குறி அதன் உள்ளே அச்சிட்டிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் கனமானது, இதற்கு மாற்றாகாது.

இழுபட்டு விடுபடுவது மனிதருக்கு மட்டும் தேவையான வசதி அல்ல. கட்டிப்போட்ட குதிரை மிரண்டு பின்னால் இழுக்கும்போது நைலான் தலைக்கயிறு அறாது, கம்பமோ கழுத்தோதான் போகும். அதனால் தலைக்கயிற்றின் உச்சிப்பட்டையைத் தோலில் வைப்பார்கள். கம்பத்திலும் குதிரையை நேராகக் கட்டாமல், முதலில் ஒரு மெல்லிய கயிற்று வளையம் கட்டி, அதில் ஒரு இழுப்பில் அவிழும் உருவுமுடிச்சு போடுவார்கள். வெளிநாட்டுக் கொட்டில்களில் வைக்கோல் கட்டும் சணலை இதற்கு வைத்திருக்கிறார்கள். வலியசாலைக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும் மெல்லிய தென்னங்கயிறே போதும். இரண்டு கையாலும் வெட்டி இழுத்தால் அறுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால் சரி.

ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வயிற்றுப்பட்டை இறுகியிருக்கிறதா, நாக்கு கீழே இருக்கிறதா, ரப்பரோ திறக்கும் கையோ வெளிப்பக்கம் பார்க்கிறதா, பாதத்தின் இருபுறமும் விரலிடை இருக்கிறதா. குதிரை கட்டுக்கடங்காமல் போகும் நேரத்தில் குதித்துவிட வேண்டியிருந்தால் இரண்டு பாதத்தையும் முதலில் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகே குதிக்க வேண்டும். சவாரிப் பள்ளிகளில் இதை நின்ற குதிரையிலும், பிறகு நடக்கும் குதிரையிலும், பிறகு ஓட்டத்திலும் பழக்குவார்கள். தோல்வாரின் ஓட்டைகளில் ஒன்று நீண்டுபோயிருந்தாலோ, மடிப்பில் விரிசல் தெரிந்தாலோ அன்றைக்கு அந்தச் சேணம் கொட்டிலிலேயே இருக்கட்டும். தையற்காரரிடம் போய்த் திரும்பிய பிறகு ஏறலாம்.